யார் கண்ணிலும் படாமல் நட!

*குடியரசு தின அணிவகுப்பில் சில நிமிடம் நடப்பதற்காக மாதக்கணக்கில் உழைக்கிறார்கள் என்.சி.சி. மாணவர்கள். தொலைக்காட்சி காட்டும் அந்தச் சில நிமிடத்துக்கு முன்னும் பின்னும் என்ன நடக்கிறது?*

பஞ்சைத் தண்ணீரில் தொட்டுப் பிழிந்து, கறுப்பு பாலிஷில் லேசாக ஒற்றி எடுத்து, ஷூவின் மூக்கில் சின்னச் சின்ன வட்டமாகத் தேய்க்க வேண்டும். அழுத்தினால் போச்சு. அதுவரை ஏறிய பளபளப்பு திட்டுத் திட்டாக உரிந்துவிடும். அப்புறம் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதுதான். இதற்கு வாட்டர் பாலிஷ் என்று பெயர். குனிந்து பார்த்தால் ஷூவில் முகம் தெரிய வேண்டும். பெல்ட் பக்கிளுக்கும் தொப்பி பேட்ஜுக்கும் பிராஸோ. சட்டைக்குக் கஞ்சி. குதிகாலில் அடித்த லாடம் ஆடுகிறதா என்று கடைசியாக ஒரு முறை தட்டிப் பார்க்க வேண்டும்.

ஜனவரி 25 இரவு, டெல்லி கன்டோன்மென்ட்டில் உள்ள கரியப்பா மைதான முகாமில் நாடெங்கிலுமிருந்து வந்த பிள்ளைகள் இந்த வேலையில்தான் இருப்பார்கள். தூங்கப் போனால் நள்ளிரவு தாண்டிக் கொஞ்ச நேரத்திலேயே எழுப்பிவிடுவார்கள். வெளியே ஐந்தாறு டிகிரி குளிர். மார்கழிப் பனியையே குளிர் என்று நம்பிக்கொண்டிருந்த தஞ்சாவூர், தூத்துக்குடிப் பிள்ளைகளுக்குச் சட்டைப் பொத்தானைப் போடவே விரல் ஒத்துழைக்காது. பேருந்தில் இடம் இருந்தாலும் உட்காரத் தயக்கம்தான், பேன்ட் மடிப்பு கலைந்துவிடுமே! பிறகு பாதுகாப்புச் சோதனை. அதற்குப் பிறகு காத்திருப்பு. இருட்டு விலகி, மூடுபனி விலகி, பத்தரை மணிக்குக் கடமைப் பாதையில் கொடி ஏறி, 21 குண்டுகள் முழங்கி, முப்படைகளும் துணை ராணுவப் படைகளும் வரிசை வரிசையாகக் கடந்த பிறகுதான் இவர்கள் முறை வரும்.

மேடையை நெருங்கும்போது அணித் தலைவரின் குரல் வெடிக்கும்: “தாஹினே தேக்!” அத்தனை தலைகளும் ஒரே வெட்டாக வலப்பக்கம் திரும்பும். ஒவ்வொரு வரிசையிலும் வலது ஓரத்தில் நடப்பவர் மட்டும் திரும்பக் கூடாது. அவர் நேரே பார்த்துக்கொண்டே போக வேண்டும். அவரும் திரும்பிவிட்டால் அணி கோடு தவறிவிடும். மேடைக்கு மிக அருகில் நடப்பவர் அவர்தான், குடியரசுத் தலைவரைப் பார்க்க முடியாதவரும் அவர்தான்.

அணிவகுப்பின் மொத்த சூட்சுமமும் இந்த ஓரத்து ஆளிடம் இருக்கிறது. பத்தாம் வகுப்பிலிருந்தே “நீ தனியாகத் தெரிய வேண்டும்” என்று சொல்லி வளர்க்கப்பட்ட தலைமுறை இது. ரேங்க், கட்-ஆஃப், மேடை, போட்டி என எல்லாமே தனித்துத் தெரிவதற்கான ஏற்பாடு. அணிவகுப்பு மைதானத்தில் விதி தலைகீழ். பன்னிரண்டு பேர் கொண்ட வரிசையில் ஒருவர் கண்ணில் பட்டால், அவர் கை தப்பாக வீசியிருக்கிறார் என்று அர்த்தம். யார் கண்ணிலும் படாமல் நடந்து முடித்தவர்தான் நன்றாக நடந்தவர்.

ஆனால் அந்த இடத்தைப் பிடிக்க, பல கட்டப் போட்டியில் தனித்துத் தெரிந்தாக வேண்டும். அதுதான் வேடிக்கை.

வடிகட்டி

தமிழ்நாடு, புதுச்சேரி, அந்தமான் நிக்கோபார் மூன்றும் சேர்ந்தது என்.சி.சி.யின் ஓர் இயக்குநரகம். அதன்கீழ் சென்னை ‘ஏ’, சென்னை ‘பி’, கோவை, மதுரை, திருச்சி, புதுச்சேரி எனக் குழுத் தலைமையகங்கள். ஒரு கல்லூரி மாணவி டெல்லி முகாமுக்குப் போக வேண்டுமென்றால் முதலில் கல்லூரி அளவில், பிறகு பட்டாலியன் அளவில், பிறகு குழுக்களுக்கு இடையே, கடைசியாக இயக்குநரக அளவில் தேற வேண்டும். ஒவ்வொரு கட்டமும் ஒரு முகாம். ஒவ்வொரு முகாமின் கடைசி நாளிலும் ஒரு பட்டியல் வாசிக்கப்படும். பெயர் இல்லாதவர்கள் பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊருக்குக் கிளம்ப வேண்டியதுதான்.

முதல் கத்தி உயரம். “லம்பா தாஹினே, சோட்டா பாயே” என்ற ஆணையோடு உயரமானவர் வலப்பக்கமும் குள்ளமானவர் இடப்பக்கமுமாக ஒரே வரிசையில் நிற்கும்போதே பாதித் தீர்ப்பு எழுதப்பட்டுவிடும். இரண்டு ஆண்டுகள் ஒரு பரேட் தவறாமல் வந்தும், உயரம் போதாமல் இந்த இடத்திலேயே கதை முடிந்துபோகிறவர்கள் எல்லாக் கல்லூரியிலும் இருக்கிறார்கள். உழைப்பால் சரிசெய்ய முடியாத காரணத்துக்காகக் கழிக்கப்படுவது பலருக்கு வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. காட்சிக்காக நடக்கும் அணிக்கு உயரம் ஒத்திருக்க வேண்டும் என்பது புரிகிறது. அதை இன்னும் கொஞ்சம் முன்கூட்டியே அந்தப் பிள்ளைகளிடம் சொல்லிவிடலாம்.

உயரத்தில் தேறியவர்களைக் கால் வீச்சிலும் கை உயரத்திலும் வடிகட்டுவார்கள். ‘தேஸ் சல்’ என்றால் நிமிடத்துக்கு 120 காலடி, ஒரு காலடிக்கு 30 அங்குலம். இதைத் தனியாகச் செய்வது பெரிய விஷயமில்லை. பக்கத்தில் இருப்பவரின் தோளைத் திரும்பிப் பார்க்காமல், ஓரக்கண்ணால் அளந்துகொண்டே, 30 அங்குலத்தைக் கூடாமல் குறையாமல் மைல்கணக்கில் வைத்துக்கொண்டே போவதுதான் கஷ்டம்.

இப்படித் தேறி டெல்லி போகிறவர்கள் நம் இயக்குநரகத்திலிருந்து நூற்றுச் சொச்சம் பேர். அவர்கள் அனைவரும் கடமைப் பாதையில் நடப்பார்கள் என்று பெற்றோர்கூட நினைத்துக்கொள்கிறார்கள். அது இல்லை. அங்கே போன பிறகு இன்னொரு வடிகட்டி இருக்கிறது.

> எண்ணிக்கையில் என்.சி.சி.
>
> ● ஹிருதயநாத் குன்ஸ்ரு தலைமையிலான குழுவின் பரிந்துரைப்படி 1948இல் சட்டம் இயற்றித் தொடங்கப்பட்டது. தொடங்கும்போது 20,000 பேர். 2024இல் அனுமதிக்கப்பட்ட விரிவாக்கத்தோடு இலக்கு 20 லட்சம்.
>
> ● பெண்கள் பிரிவு 1949இல் வந்தது. விமானப் பிரிவு 1950, கடற்படைப் பிரிவு 1952.
>
> ● சீனப் போருக்குப் பின் 1963இல் கல்லூரிகளில் கட்டாயமானது. 1968இல் மீண்டும் விருப்பத்துக்கு விடப்பட்டது.
>
> ● 2025 குடியரசு தின முகாமுக்குப் போனவர்கள் 2,361 பேர். அவர்களில் பெண்கள் 917.
>
> ● கடமைப் பாதையில் நடக்கும் ஓர் என்.சி.சி. அணியில் 148 பேர்.

இரண்டாயிரத்துச் சொச்சம் பேரில் ஆண்கள் அணிக்கு 148, பெண்கள் அணிக்கு 148, இவர்கள் போக, பேண்டு வாத்தியக் குழுவினர். மற்றவர்கள்? முக்கிய விருந்தினர்களுக்கு அணிவகுப்பு மரியாதை தரும் குழு, சிறந்த கேடட் போட்டி, குழு நடனம், கப்பல் மாதிரி, விமான மாதிரி, மணலும் அட்டையும் வைத்து மாநிலத்தைக் காட்டும் கண்காட்சி என்று பிரிந்துவிடுவார்கள். மாத இறுதியில் நடக்கும் பிரதமர் பேரணியில் இவர்களில் பலருக்கு இடம் உண்டு. அதிகப் புள்ளி எடுக்கும் இயக்குநரகத்துக்கு அங்கேதான் பிரதமரின் பதாகை வழங்கப்படும். ஆனால் ஊரில் அத்தை, சித்தப்பா, பக்கத்து வீட்டுக்காரர் எல்லாரும் தொலைக்காட்சி முன்னால் உட்கார்ந்து தேடுவது 26ஆம் தேதி காலையில்தானே!

‘ரிசர்வ்’ என்றொரு இடம்

இந்த முகாமில் என்னை மிகவும் யோசிக்க வைப்பவர்கள் ரிசர்வ் ஆட்கள். அணிக்குத் தேவையானதைவிடச் சிலரைக் கூடுதலாகவே தயார்செய்வார்கள். யாருக்காவது காய்ச்சல் வரலாம், கணுக்கால் பிசகலாம். ரிசர்வ் கேடட் மற்றவர்களோடு சேர்ந்து இருட்டில் எழுந்து, அதே குளிரில் அதே தூரம் நடந்து, அதே ஷூவைத் தேய்ப்பார். 23ஆம் தேதி முழு ஒத்திகைவரை வந்தும் 26ஆம் தேதி அவருக்கு இடம் இருக்காது, யாராவது விழுந்தால் ஒழிய.

சிநேகிதிக்கு இருமல் என்றால் சுக்குக் கஷாயத்துக்கு அலைபவரும் இவர்தான். அவள் குணமாகிவிட்டால் தனக்கு இடமில்லை என்று தெரிந்தவரும் இவர்தான். பதினெட்டு, பத்தொன்பது வயதில் இதை மனத்துக்குள் வைத்துக்கொண்டு ஒரு மாதம் ஒரே அறையில் படுத்து எழுவது லேசுப்பட்ட காரியமல்ல. நடந்தவர்களை மாலை போட்டு வரவேற்கும் கல்லூரிகள், ரிசர்வாகப் போய் வந்தவர்களிடம் “நீ நடக்கலையா?” என்று கேட்டு முடித்துக்கொள்கின்றன.

நிற்பதுதான் கஷ்டம்

நடப்பதைவிட நிற்பது கடினம் என்பது எந்த கேடட்டைக் கேட்டாலும் தெரியும். ‘சாவ்தான்’ என்றால் குதிகால்கள் ஒட்டி, கால்நுனிகள் 30 டிகிரி விலகி, முட்டி நிமிர்ந்து, கை விறைத்து நிற்க வேண்டும். ஈ மூக்கில் உட்கார்ந்தாலும் அதுவாகப் போகும்வரை விட்டுவிட வேண்டும்.

டெல்லியில் குளிர் என்றால் இங்கே மாவட்ட ஆயுதப்படை மைதானங்களில் வெயில். குடியரசு தினத்திலாவது பரவாயில்லை, ஆகஸ்ட் 15 காலையில் எட்டு மணிக்கே சூரியன் உச்சந்தலையில் இறங்கத் தொடங்கிவிடும். ஆண்டுதோறும் எங்காவது ஒரு மைதானத்தில் ஒரு பிள்ளை சரிந்து விழும். சாப்பிடாமல் வந்ததுதான் காரணம் என்று எல்லாரும் சொல்வார்கள். அது பாதிக் காரணம். அசையாமல் நிற்கும்போது ரத்தம் கால்களில் தேங்குகிறது. நடக்கும்போது கெண்டைக்கால் தசைகள் சுருங்கி விரிந்து ரத்தத்தை மேலே தள்ளும். நிற்கும்போது அந்த வேலை நின்றுவிடுகிறது. மூளைக்குப் போகும் ரத்தம் குறைந்ததும் கண் இருட்டி ஆள் சாய்கிறார். இதற்குப் பழைய ஆட்கள் சொல்லிக்கொடுக்கும் வைத்தியம் ஒன்று உண்டு. ஷூவுக்குள்ளேயே கால்விரல்களை மடக்கி மடக்கி விரிக்க வேண்டும், முட்டியை முழுசாகப் பூட்டிக்கொள்ளக் கூடாது. வெளியில் சிலைபோலத் தெரியும் ஓர் அணியில் அத்தனை ஷூக்களுக்குள்ளும் விரல்கள் வேலை செய்துகொண்டிருக்கும்.

மாவட்ட விழாவுக்கென்று ஒரு சடங்கு முறை இருக்கிறது. ஆட்சியர் கொடியேற்றுவார், எஸ்.பி.யுடன் திறந்த ஜீப்பில் அணிகளைப் பார்வையிடுவார், வெள்ளைப் புறாக்களும் மூவர்ண பலூன்களும் பறக்கும், சுதந்திரப் போராட்டக் குடும்பத்தாருக்குப் பொன்னாடை, அரசு ஊழியர்களுக்குப் பாராட்டுச் சான்றிதழ், பள்ளிக் குழந்தைகளின் நடனம். காவல்துறை அணிக்குப் பின்னால் என்.சி.சி. நடக்கும். டெல்லியில் நடப்பவர்களைவிடப் பல மடங்கு அதிகமான பிள்ளைகளுக்கு அணிவகுப்பு நாள் என்றால் இதுதான். பேருந்து நிலையத்திலிருந்து சீருடையில் நடந்து வரும்போது டீக்கடைக்காரர் ஒரு நிமிடம் நிமிர்ந்து பார்ப்பாரே, அதையும் சேர்த்துத்தான்.

முடிந்ததும் ரெஃப்ரெஷ்மென்ட். பள்ளியில் என்.சி.சி.யில் இருந்த எந்தத் தமிழரிடம் பேசினாலும் மூன்றாவது வாக்கியத்தில் பரோட்டா வந்துவிடும். பரேட் முடிந்து பொட்டலம் பிரிக்கும் அந்த பரோட்டாவுக்காகவே சேர்ந்தேன் என்று சொல்லாதவர் குறைவு. கேலியாகச் சொல்வதுதான் என்றாலும், காலைச் சாப்பாடு நிச்சயமில்லாத வீடுகளிலிருந்து வந்த பிள்ளைகளுக்கு அது கேலி இல்லை.

மைதானத்தில் ஒரு பழைய சர்ச்சை

‘சாவ்தான்’, ‘விஷ்ராம்’, ‘பீச்சே முட்’ எல்லாம் இந்தி. தமிழ்நாட்டில் இது சும்மா கடந்துபோன விஷயமல்ல. 1968 ஜனவரியில், அண்ணா முதல்வராக இருந்தபோது, இருமொழிக் கொள்கைத் தீர்மானத்தைச் சட்டமன்றம் நிறைவேற்றியது. என்.சி.சி.யில் இந்தி ஆணைச் சொற்கள் கூடாது என்பதும் அந்தத் தீர்மானத்தில் இருந்தது. 1965 இந்தி எதிர்ப்புப் போராட்டத்தில் தெருவுக்கு வந்த கல்லூரி மாணவர்களும், கட்டாய என்.சி.சி.யில் வாரந்தோறும் இந்தி ஆணைக்குக் காலடி மாற்றிய மாணவர்களும் ஒரே தலைமுறை என்பதை நினைத்தால் அந்தக் கோபத்தின் அளவு புரியும்.

இன்று அதே ஆணைகள்தான் ஒலிக்கின்றன. அரசியல் மேடையில் சூடு ஆறாத இந்த விவகாரம், மைதானத்தில் மட்டும் யாரும் பேசாமலே முடிந்துபோனது விந்தைதான். ஆணைச் சொற்கள் ஒரு வாரத்தில் காதில் ஏறிவிடும், கால் தானாகத் திரும்பும். ஆணைக்கு ஆணை நடுவே பயிற்சி அளிக்கும் ராணுவத்தினர் இந்தியில் தரும் விளக்கம்தான் பிடிபடாது. முன்வரிசைக்காரர் செய்வதைப் பார்த்துச் செய்து சமாளிப்பார்கள். டெல்லியில் ஒரு மாதம் இருந்துவிட்டு வருகிறவர்கள் கொஞ்சம் இந்தியோடும், மணிப்பூரிலோ குஜராத்திலோ ஒரு சிநேகிதியின் நம்பரோடும் திரும்புகிறார்கள்.

திரும்பி வந்த பிறகு

பிப்ரவரி முதல் வாரம். சென்ட்ரல் ஸ்டேஷனில் பூங்கொத்து, கல்லூரி வாசலில் மாலை, நோட்டீஸ் போர்டில் படம். ஆளுநரைச் சந்திப்பதும் உண்டு. அடுத்த திங்கட்கிழமை வகுப்பில் உட்கார்ந்தால்தான் கணக்கு வழக்கு தெரியும்.

டெல்லிக்கான தேர்வு முகாம்கள் ஆண்டின் கடைசி மாதங்களில் அடுத்தடுத்து நடக்கின்றன. நவம்பரும் டிசம்பரும் செமஸ்டர் மாதங்கள். வருகைப் பதிவை ஓ.டி. (ஆன் டியூட்டி) லெட்டர் காப்பாற்றும். என்.சி.சி. பொறுப்பு வகிக்கும் பேராசிரியர், அதாவது ஏ.என்.ஓ., துறை துறையாக அலைந்து கையெழுத்து வாங்கித் தருவார். எழுதாமல் விட்ட தேர்வை எந்த லெட்டரும் எழுதித் தராது. பல்கலைக்கழகம் தனித் தேர்வு வைத்தால் உண்டு, இல்லையென்றால் அரியர். லேப் தேர்வுகள் நிறைந்த பொறியியல், அறிவியல் மாணவர்கள் இதற்குப் பயந்தே நல்ல கேடட்களாக இருந்தும் விலகிக்கொள்கிறார்கள். விளையாட்டு வீரர்களுக்கும் இதே பிரச்சினை உண்டு. ஆனால் என்.சி.சி. முகாம் எப்போது வரும் என்பது ஆண்டுத் தொடக்கத்திலேயே தெரியும். தெரிந்த தேதிக்கு மாற்று ஏற்பாடு செய்ய என்ன தடை என்பது எனக்குப் புரியவில்லை.

இத்தனை நஷ்டத்துக்கும் ஈடாக அவர்கள் நம்பியிருப்பது ஒரு காகிதத்தை: ‘சி’ சான்றிதழ்.

> ‘சி’ சான்றிதழ் எதற்கு?
>
> ● பட்டப் படிப்பில் 50 சதவீத மதிப்பெண்ணும் ‘சி’ சான்றிதழில் குறைந்தது ‘பி’ கிரேடும் இருந்தால், எழுத்துத் தேர்வு இல்லாமலே ராணுவ அதிகாரித் தேர்வின் எஸ்.எஸ்.பி. நேர்காணலுக்கு விண்ணப்பிக்கலாம். தேறுகிறவர்களுக்குப் பயிற்சி நம் பரங்கிமலை அதிகாரிகள் பயிற்சி அகாடமியில்.
>
> ● மத்திய ஆயுதக் காவல் படைகளின் காவலர் தேர்வில் ‘சி’ சான்றிதழுக்கு 5, ‘பி’ சான்றிதழுக்கு 3, ‘ஏ’ சான்றிதழுக்கு 2 சதவீத ஊக்க மதிப்பெண்.
>
> ● தமிழ்நாடு சீருடைப் பணியாளர் தேர்விலும் என்.சி.சி.க்குச் சிறப்பு மதிப்பெண் உண்டு.

பரங்கிமலை வாசல் சிறியது. அந்தச் சிறப்பு நுழைவில் ஒரு தடவைக்கு எடுக்கும் இடங்கள் நூறைத் தொடாது, போட்டியோ நாடு முழுக்க. ஐந்து நாள் நேர்காணலில் ஆங்கிலத்தில் கூச்சமில்லாமல் பேச வேண்டும், முன்பின் தெரியாதவர்களோடு குழு விவாதத்தில் வாயைத் திறக்க வேண்டும். இங்கேதான் டெல்லி முகாம் கைகொடுக்கிறது. ஒரு மாதம் வேறு மாநிலத்துப் பிள்ளைகளோடு பழகியவர்களுக்குக் கூச்சம் மிச்சமிருக்காது. கிராமத்து அரசுக் கல்லூரியிலிருந்து போய்வந்த பெண்களிடம் இந்த வித்தியாசத்தை ஆசிரியர்கள் முதல் நாளே கண்டுபிடித்துவிடுகிறார்கள். நிற்கும் விதமே மாறியிருக்கும். மகள் தனியாக ரயில் ஏறுவதை யோசிக்கவே மறுத்த அப்பாக்கள், டெல்லிக்குப் பிறகு கோயம்புத்தூர் வேலைக்கு மறுப்புச் சொல்ல வழியில்லாமல் நிற்பதும் நடக்கிறது.

அதிகாரியாக அல்ல, சிப்பாயாகப் போக நினைப்பவர்களின் கணக்கு 2022இல் மாறியது. அக்னிபத் திட்டத்தில் சேர்ந்தால் நான்காண்டுப் பணி. அதற்குப் பிறகு அதிகபட்சம் 25 சதவீதம் பேரே நிரந்தரமாகத் தங்க முடியும். ஓய்வூதியத்தோடு ஊர் திரும்பும் ‘மிலிட்டரிக்காரர்’ என்ற பிம்பத்தைப் பார்த்து என்.சி.சி.யில் சேர்ந்த வேலூர், ராணிப்பேட்டை பக்கத்துப் பிள்ளைகள் இப்போது போலீஸ் தேர்வுக்கும் சேர்த்தே தயாராகிறார்கள்.

இந்தப் பலன்கள் எல்லாம் கிடைப்பதற்கு முதல் நிபந்தனை, படிக்கும் இடத்தில் என்.சி.சி. இருக்க வேண்டும். இல்லாத பள்ளி, கல்லூரிகள் ஏராளம். விண்ணப்பித்துவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருக்கும் நிறுவனங்கள் உண்டு. செலவைத் தானே ஏற்கும் சுயநிதித் திட்டத்தில் வசதியுள்ள தனியார் நிறுவனங்கள் முந்திக்கொள்ள முடிகிறது. ஆசிரியர் பற்றாக்குறையில் இருக்கும் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில், ஏ.என்.ஓ. பயிற்சிக்கு மாதக்கணக்கில் ஓர் ஆசிரியரை அனுப்ப எந்தத் தலைமையாசிரியர் துணிவார்? இருக்கும் பிரிவே ஏ.என்.ஓ. ஓய்வு பெற்றதும் தள்ளாடுகிறது.

இளம் வயதிலேயே ஆணைக்குக் கட்டுப்படப் பழக்குவது சரியா என்ற கேள்வியை எழுப்புகிறவர்கள் இருக்கிறார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். 1963இல் கல்லூரி மாணவர்கள்மீது அதைத் திணித்துப் பார்த்து, ஐந்தே ஆண்டுகளில் கைவிட்ட நாடு இது. விரும்பிச் சேர்கிறவர்களிடம் அந்தக் கேள்வி அவ்வளவாக ஒட்டுவதில்லை. அவர்களை உறுத்துவது வேறு: அரியர், உயரம், ரிசர்வ், நிரம்பிவிட்ட சேர்க்கைப் பட்டியல்.

டெல்லியிலிருந்து திரும்பியவர்களுக்கு இளைப்பாற நேரமும் கிடையாது. ‘சி’ சான்றிதழ்த் தேர்வு பெரும்பாலும் அதை ஒட்டியே வந்துவிடும். ட்ரில், துப்பாக்கியைக் கழற்றிப் பூட்டுவது, வரைபடம் பார்ப்பது, அப்புறம் எழுத்துத் தேர்வு. அணிவகுப்பில் நடந்த சீனியர் என்பதற்காக ஒரு மதிப்பெண்ணும் விட்டுத் தர மாட்டார்கள். காலையில் மைதானத்தில் முதலாண்டுப் பிள்ளைகளுக்கு ‘தாஹினே முட்’ சொல்லிக்கொடுத்துவிட்டு, மத்தியானம் அரியர் தேர்வுக்குக் கட்டணம் கட்ட ஆபீஸ் ஜன்னலில் நிற்கிறார்கள்.